பதினாலு பேர் தள்ளியும் ஏறாத வள்ளம்

மே 3, சனி

இன்று மாலை நாலரை மணிக்கு வள்ளத்தைக் கரையேற்றும்போது இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர் ரெமிஜியுஸ், அவருடன் தொழில் செய்யும் தம்பி கஸ்பார், பக்கத்து வள்ளத்து இஞ்ஞாசி அண்ணன், அவருடைய ஆட்கள் மூன்று பேர், ஐஸ் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர், கோயில் மணியடிக்கும் சவேரி, கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஐந்து பேர். மொத்தம் பதினாலு. நான் நின்று பார்த்தேன், என்னைச் சேர்க்கவில்லை.

ஆள் பத்தவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் பெயரை எழுதி வைக்கிறேன். உருட்டுக்கட்டை போட்டு எட்டுப் பேர் தள்ளினால் பாட்டுப் பாடிக்கொண்டே மணலேறுகிற வள்ளம் இது. இன்று பதினாலு பேர் தள்ளி, தண்ணீருக்கும் மணலுக்கும் நடுவில் எருமை மாதிரி கிடந்தது. கடைசியில் டிராக்டர் வந்துதான் இழுத்தது.

இஞ்ஞாசி அண்ணன் ஆட்களில் ஒருவன் கேட்டான், "ரெமி அண்ணே, ஒங்க வள்ளத்துக்கு இது எத்தனாவது மாசம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் மணலில் கிடந்த உருட்டுக்கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு.

மே 4, ஞாயிறு

முதல் பூசை. மாதா வணக்க மாதம் என்பதால் மாலையில் ஜெபமாலை, நம் தெருமுறை வியாழக்கிழமை.

பூசை முடிந்து வந்தால் வீட்டில் ஏஜென்ட் ஜூலியான் உட்கார்ந்திருக்கிறார். பஹ்ரைனில் மீன்பிடி விசைப்படகுக்கு ஆள் எடுக்கிறார்களாம். இரண்டு வருஷ ஒப்பந்தம், நடுவில் ஊருக்கு வர முடியாது. ஜூன் ஒன்றாம் தேதிக்குள் சரி என்றோ இல்லை என்றோ சொல்லிவிட வேண்டும். வள்ளத்தை என்ன செய்ய என்று இவர் கேட்டதற்கு, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடச் சொன்னார். தள்ளினால் போகாத வள்ளத்தை எப்படித் தள்ளுவது என்று கஸ்பார் கேட்டான். ஜூலியான் அவனைப் பார்க்காமல் காப்பியைக் குடித்தார்.

காப்பியில் சீனி இல்லை என்று போகும்போது சொன்னார். மறந்துவிட்டேன் போலிருக்கிறது.

இரண்டு வருஷம் என்றால் எனக்கு நாற்பது.

மே 5, திங்கள்

மண்ணெண்ணெய் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவை கடலுக்குப் போய்வரும்போதும் எத்தனை லிட்டர் செலவு என்று நான் குறிப்பது வழக்கம். மூன்று வருஷத்துக்கு முன்னால் வடக்குப் பாறைக்குப் போய்வர பதினோரு லிட்டர். போன வருஷம் பதிமூன்றரை. இந்த ஏப்ரலில் பதினேழு. பாறை இடம் மாறவில்லை. எஞ்சினை இரண்டு தடவை பிரித்துப் பார்த்து மெக்கானிக் குறையில்லை என்றுவிட்டார். அப்படியானால் ஏறியிருப்பது பாரம். வலையும் ஆளும் ஐஸும் அதேதான். மிச்சம் இருப்பது வள்ளத்தின் வயிறு.

பைபர் வள்ளத்தின் தளத்துக்கும் அடிக்கும் நடுவில், ஐஸ் பெட்டிச் சுவருக்குள் இருக்குமே, அதே மஞ்சள் நுரையை அடைத்திருப்பார்கள். கவிழ்ந்தாலும் முங்காது என்பதற்காக. அந்த நுரை தண்ணீரைக் குடித்துவிட்டது. வேறு வழியே இல்லை.

என் வீட்டுக்காரரிடம் நோட்டைக் காட்டினேன். இரண்டு பக்கம் புரட்டினார்.

"கணக்குப் புக்க வச்சி வள்ளத்தத் தூக்கிருவியாட்டி?"

"புக்கால தூக்க முடியாது. எங்க கனம்னு கண்டுபிடிக்கலாம்லா?"

"ஏட்டி எஸ்கலினு, வள்ளம் என்னயத் தின்னுட்டு. எனக்குப் பலம் இல்ல."

நான் அகப்பையும் சாக்பீசும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல வள்ளம் முழுக்கத் தட்டினேன். காய்ந்த இடம் டங் டங் என்றது. ஈரமான இடம் பலாக்காயைத் தட்டுவதுபோலச் சத்தத்தை விழுங்கியது. விழுங்கிய இடத்திலெல்லாம் கோடு போட்டேன். பின்பக்கம் கொஞ்சம், நடுவில் பாதி, முன்பக்கம் போகப் போக ஒரே கோடு.

வள்ளத்தின் முன்முனையான அணியத்தில், மாதா உருவம் பதித்த தகடு இருக்கும் இடத்தில் அதிகம் தட்டவில்லை.

மே 6, செவ்வாய்

அவர் அடுத்தவர் வலையின் கிழிசலைப் பொத்தப் போனார். சாளைக் குழம்பு.

மே 8, வியாழன்

கஸ்பார் போய் பைபர் வேலை பார்க்கும் சங்கரவேல் அண்ணாச்சியைக் கூட்டிவந்தான். அண்ணாச்சி என் சாக்பீஸ் கோடுகளைப் பார்த்துவிட்டு யார் போட்டது என்று கேட்டார். கஸ்பார் என்னைக் காட்டினான். "சரியாத்தான் போட்டிருக்கு" என்று மட்டும் சொல்லி, அணியத்துக்கு அடியில் மண்மூட்டை கொடுத்து உயர்த்தி, பின்பக்கம் அடிமட்டத்தில் விரல் தண்டிக்கு ஒரு துளை போட்டார்.

தண்ணீர் வந்தது. முதலில் பீய்ச்சி, பிறகு நூலாக. டீக் கலர், வாடை. பதினைந்து லிட்டர் வாளி வைத்துப் பிடித்தேன். சாயங்காலத்துக்குள் ஏழு வாளி. கைப்பந்து ஆடியவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். "பன்னீர்க்குடம் ஒடஞ்சிட்டுடோய்" என்று ஒருவன் சொன்னான். இந்தத் தடவை நானும் சிரித்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் ஒவ்வொரு வாளியையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஜெபமாலை நம் தெருவில். சுண்டல் இரண்டு கிலோ போட்டேன், போதவில்லை.

மே 9, வெள்ளி

இன்னும் நாலு வாளி. மொத்தம் பதினொன்று. அதற்குமேல் வடியவில்லை. மிச்சத்தை நுரை விடாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார் அண்ணாச்சி.

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்று பேச்சு வந்தது. என் வீட்டுக்காரர் கஸ்பார் பக்கம் திரும்பினார். போன ஐப்பசியில் கஸ்பார் வள்ளத்தைக் கடலுக்குள் கல் போட்டுக் கட்டியிருக்கும் தூண்டில்வளைவில் உரசிவிட்டான். அதை மறைத்து அவனே ரெசின் பசை பூசியதும் பிறகு தெரியவந்தது. அன்று விட்டுவிட்ட கோபத்தை எல்லாம் இன்று எடுத்தார். வள்ளத்தைக் கொன்றதே நீதான் என்றார். அண்ணன் நாடு விட்டுப் போவது உன்னால்தான் என்றார்.

கஸ்பார் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மத்தியானச் சோற்றுக்கும் வரவில்லை. அவனுக்கென்று எடுத்து வைத்த நெத்திலியைப் பூனைக்குப் போட்டேன்.

ஐப்பசியில் உரசியது. மண்ணெண்ணெய் கூடத் தொடங்கியது அதற்கு இரண்டு வருஷம் முன்னால். நோட்டில் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டவில்லை. மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன், கையெல்லாம் செதில்.

மே 12, திங்கள்

தளத்தை கிரைண்டரால் சதுரம் சதுரமாக வெட்டித் திறந்தார்கள். பைபர் தூசி காற்றில் பறந்து என் கழுத்தெல்லாம் அரிப்பு. தேங்காயெண்ணெய் பூசியும் போகவில்லை.

உள்ளே நுரை, குழைந்த பொங்கல் மாதிரி. கையால் பிழிந்தால் தண்ணீர். மண்வெட்டியால் அள்ளிச் சாக்கில் கட்டினோம். மீன் நிறுக்கும் தொங்கு தராசில் ஒவ்வொரு சாக்காக மாட்டி எழுதினேன். பின்பாதியும் நடுவும் சேர்த்து 297 கிலோ. காய்ந்திருந்தால் மொத்த வள்ளத்துக்கும் நாற்பது கிலோ வந்தால் அதிகம் என்கிறார் அண்ணாச்சி. அணியம் இன்னும் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், இவ்வளவு நாளும் அஞ்சு ஆளைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு போய்வந்திருக்கிறீர்கள் என்று. வலை இழுக்காத, துடுப்புப் பிடிக்காத, பாறை வந்தால் எழுந்துகூடப் பார்க்காத அஞ்சு ஆள்.

முதல் தடவையாகச் சிரித்தார். "அதான் மீனு பங்கு பத்தல" என்றார்.

மே 13, செவ்வாய்

கஸ்பார் உரசிய இடத்தை அண்ணாச்சி உள்பக்கமிருந்து பார்த்தார். அவன் பூசிய ரெசின் கெட்டியாக இருக்கிறது. அந்த இடத்து நுரை, பிஸ்கட் மாதிரி காய்ந்து கிடக்கிறது. "அடியிலேர்ந்து ஏறல, மேலேர்ந்து எறங்கிருக்கு" என்றார். நாளைக்கு அணியத்தைத் திறக்கிறேன் என்றார்.

அணியத்தில் மாதா தகடு இருக்கிறதே, அங்கே எப்படி கிரைண்டர் வைப்பது என்றேன். தகட்டைக் கழற்றிவிட்டு வைக்கலாம் என்றார். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கள், பங்குச் சாமியாரிடம் கேட்க வேண்டும் என்றேன். என் வீட்டுக்காரர் சரி என்றார். மாதா காரியத்தில் அவர் என்னை மறுத்ததில்லை.

மே 14, புதன்

தலைவலி.

மே 16, வெள்ளி

செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் சொன்னதை இங்கே எழுதக் கூடாது. ஆனால் அவர் அபராதமாகக் கொடுத்தது ஜெபமாலை இல்லை. ஜெபமாலையாக இருந்தால் பத்துகூடச் சொல்லியிருப்பேன்.

திரும்பும் வழியில் கஸ்பார் வீட்டுக்குப் போய், நாளைக் காலை ஏழு மணிக்குக் கரைக்கு வரச் சொன்னேன். அண்ணன் கூப்பிட்டால்தான் வருவேன் என்றான். அண்ணன் இல்லை, மதினி கூப்பிடுகிறேன் என்றேன்.

மே 17, சனி

இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர், கஸ்பார், சங்கரவேல் அண்ணாச்சி, நான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஸ்குரூடிரைவரை நானே எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வள்ளத்தில் ஏறி, மாதா தகட்டைப் பிடித்திருந்த நாலு பித்தளை ஸ்குரூவையும் கழற்றினேன். நாலாவதைக் கழற்றும்போது துளை வழியாகத் தண்ணீர் கசிந்து என் விரலில் பட்டது. மண்மூட்டை கொடுத்து உயர்த்திய அணியத்தில், பத்து நாள் வெயிலுக்குப் பிறகும் தண்ணீர்.

இந்தத் தகட்டை மூன்று வருஷத்துக்கு முன் செப்டம்பரில், மாதா பிறந்தநாளன்று வைத்தது நான். அவர் எஞ்சின் விஷயமாகத் தூத்துக்குடிக்குப் போயிருந்தார். திரும்பிவந்தால் சந்தோஷப்படட்டும் என்று, ஐஸ் கம்பெனியில் டிரில் இரவல் வாங்கி நானே துளை போட்டேன். பைபரைத் துளைத்தால் உள்ளே நுரை என்றோ, ஸ்குரூவைச் சுற்றிப் பசை வைக்காமல் முறுக்கக் கூடாது என்றோ எனக்குத் தெரியாது. அணியத்தில் அலை அடிக்கும்போதெல்லாம் நாலு துளையிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. மண்ணெண்ணெய் கூட ஆரம்பித்தது அந்த அக்டோபரிலிருந்துதான்.

இவ்வளவையும் அவர்கள் முன்னால் சொன்னேன். நோட்டையும் விரித்துக் காட்டினேன். கஸ்பார்மீது பழி விழுந்தபோது வாயைத் திறக்காமல் இருந்ததையும் சொன்னேன்.

அண்ணாச்சி எழுந்து பீடி குடிக்கப் போனார்.

என் வீட்டுக்காரர் தகட்டைக் கையில் வாங்கினார். சட்டையால் துடைத்தார்.

"மூணு வருசமா இதத் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் கடலுக்குப் போறேன்."

"தெரியும்."

"நீ எதுக்கு வச்சன்னும் எனக்குத் தெரியும்."

நான் தலையாட்டினேன்.

"ஸ்குருவ முறுக்குனது நீ. மாதாட்ட பிள்ள கேட்டது ரெண்டு பேருந்தான?" என்றார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "ஏல கஸ்பாரு, நான் சொன்னத மனசுல வைக்காத."

கஸ்பார் மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "வச்சாச்சு. கோழிக் குழம்பு வச்சா எறக்கிருதேன் மதினி."

கோழி ஒன்றரைக் கிலோ. நாலு பேரும் சாப்பிட்டோம். அண்ணாச்சி சைவம் என்று அப்போதுதான் தெரிந்தது, அவருக்கு மட்டும் ரசம்.

மே 19, திங்கள்

அணியத்து நுரை 104 கிலோ. எல்லாம் சேர்த்து 401. முந்தி நான் அஞ்சு ஆள் என்று சொன்னது தவறு. ஆறு ஆளுக்கும் மேல். திருத்திக்கொள்கிறேன்.

மே 22, வியாழன்

உள்ளே காய்ந்துவிட்டது, நாளைக்கு நுரை ஊற்றி மூடிவிடலாம் என்றார் அண்ணாச்சி. அவருக்கு அடுத்த ஊரில் வேலை காத்திருக்கிறது. தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கிறது. இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. பாலிதீன் தாளை உள்சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன். மூன்று இடத்தில். விடிந்ததும் பார்ப்போம் என்றேன்.

மே 23, வெள்ளி

மூன்று தாளும் உள்பக்கம் வேர்த்திருந்தது. முத்து முத்தாக.

அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. கடற்கரையில் பனி இறங்காதா என்றார். பனி என்றால் தாளின் வெளிப்பக்கமல்லவா நனைந்திருக்க வேண்டும் என்றேன். இன்னும் ஒரு நாள் வெயில் காட்டச் சொன்னார்.

மே 24, சனி

மறுபடியும் வேர்வை. இத்தனைக்கும் நேற்று அடித்த வெயிலில் மணலில் கால் வைக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் கேலண்டரைப் பார்த்தார். ஜூலியான் போன் செய்தார். இவர் எடுக்கவில்லை, ஆனால் போனை அணைக்கவும் இல்லை.

சமையலறையில் கருவாட்டுப் பானையைத் திறந்தபோதுதான் உறைத்தது. நல்ல கோடையில் காய்ந்த கருவாடும் காலையில் ஏன் பிசுபிசுக்கிறது? உப்பு. உப்பு இருக்கும்வரை காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். வள்ளத்தின் உள்சுவரில் நாக்கை வைத்துப் பார்த்தேன். கரித்தது. நாம் காயவைத்தது தண்ணீரை. உப்பு அங்கேயேதான் இருக்கிறது. பகலில் காய்ந்து, ராத்திரி திரும்பக் குடிக்கிறது.

ஓடிப்போய்ச் சொன்னேன். "காயவச்சதுல மறுபடி தண்ணி ஊத்தச் சொல்லுதியளா?" என்றார் அண்ணாச்சி. என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வாளியை எடுத்தார்.

நல்ல தண்ணீர் ஆறு டிரம். கோயில் கிணற்றிலிருந்து கஸ்பாரும் இவரும் சுமந்தார்கள். நான் வள்ளத்துக்குள் உட்கார்ந்து தேங்காய் நாரால் தேய்த்தேன். ஒவ்வொரு தடவை கழுவியதும் நக்கிப் பார்த்தேன். ஐந்தாவது டிரம்மில் கரிப்பு போனது. ஆறாவது, மன நிம்மதிக்கு.

"நாங்க மெசினு வச்சிப் பாப்போம், நீங்க நாக்க வச்சிப் பாக்கிய" என்றார் அண்ணாச்சி. அடுத்த ஊர் வேலையை ஒத்திவைத்துவிட்டதாகவும் சொன்னார்.

மே 25, ஞாயிறு

பூசை. அப்புறம் வெயில். வெயிலைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

மே 26, திங்கள்

தாள் வேர்க்கவில்லை. மூன்றும் கண்ணாடி மாதிரி. மூன்றையும் உரித்து மடித்து இந்த நோட்டில் வைத்திருக்கிறேன்.

மே 27, செவ்வாய்

புது நுரை ஊற்றினோம். இரண்டு டப்பா. ஒன்றில் தேன் நிறத்தில், ஒன்றில் டிகாஷன் நிறத்தில். இரண்டும் சம எடை, இருபது எண்ணும்வரை அடித்துக் கலக்கி உடனே ஊற்ற வேண்டும். டப்பாமேல் இருந்த ஆங்கிலத்தை டிக்ஷனரி வைத்து நேற்றே எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேன். ஒரே தடவையில் நிறைய ஊற்றினால் சூடேறி உள்ளுக்குள் வெடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று என்று போட்டிருந்தது.

கஸ்பார் அவசரத்தில் முதல் ஈடே இரண்டு பங்கு ஊற்றிவிட்டான். அது ஆப்ப மாவு பொங்குவதுபோலப் பொங்கி, சதுரத்துக்கு வெளியே ஏறி, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவன் முன்முடியில் பிடித்துக்கொண்டது. கத்திரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தோம். இனி அவனுக்கு ஒரு மாசத்துக்கு நெற்றி பெரிது. பொங்கிய அந்த ஈட்டையும் வெட்டி எறிந்துவிட்டு, பிறகு நான் தராசில் நிறுத்துக் கொடுக்கக் கொடுக்க ஊற்றினார்கள். மத்தியானத்துக்குள் முடிந்தது. ஊற்றிய நுரை மொத்தம் முப்பத்தெட்டு கிலோ.

401 இருந்த இடத்தில் 38. பேனாவை எடுக்க மனசு வராமல் அந்த இரண்டு எண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 29, வியாழன்

பொங்கி வழிந்ததைச் சீவி மட்டம் செய்து, தளத்தையும் அடியில் போட்ட துளையையும் கண்ணாடி நார் மேட்டும் ரெசினும் வைத்து மூடினார்கள். ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரை அண்ணாச்சி கண்ணளவில்தான் ஊற்றுவார். இந்த வெயிலில் முதல் கலவை வாளியிலேயே கல்லாகிவிட்டது. மருந்துக் கடையில் ஊசிக்குழாய் வாங்கிவந்து மில்லி கணக்கில் கொடுத்தேன். இரண்டாவதிலிருந்து சரியாக வந்தது. கோடைக்காற்று மணலை வாரிப் போட்டது, ஈர ரெசினில் ஒட்டிவிடும் என்று என் புடவைகள் ஐந்தைக் கம்பில் கட்டி மறைத்தோம். கல்யாணப் புடவையும் அதில் ஒன்று. அது மேற்குப் பக்கம், காற்று அதிகம் அடிக்கும் பக்கம்.

மாதா தகட்டுக்கு அணியத்தில் விரல் உயரத்துக்கு ஒரு மேடை வார்த்து, தகட்டை ரெசினில் பதித்தார் அண்ணாச்சி. ஸ்குரூ இல்லை. வேலை முடிந்து இறங்கும்போது அவரும் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மே 30, வெள்ளி

ஜூலியான் நேரிலேயே வந்தார். பாஸ்போர்ட் கேட்டார். என் வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் காப்பி கலந்தேன், சீனியும் போட்டேன்.

"நாளைக்கு வள்ளம் எறக்குதோம். அது எப்படிப் போவுதுன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார் இவர். பாஸ்போர்ட் மேசையிலேயே கிடக்கிறது. ஜூலியான் எடுத்துப் போகவில்லை, இவர் பெட்டியில் திருப்பி வைக்கவுமில்லை. நான் அதைச் சுற்றித் தூசி தட்டினேன்.

மே 31, சனி

இன்று காலை ஆறு மணிக்கு வள்ளத்தைக் கடலில் இறக்கும்போது இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர், கஸ்பார், இஞ்ஞாசி அண்ணன், அவருடைய ஆட்கள் மூன்று பேர், மணியடிக்கும் சவேரி. ஏழு.

பக்கத்து ஊரில் கல்யாணம், கைப்பந்துக்காரர்கள் எல்லாம் பந்திக்குப் போய்விட்டார்கள். ஏழு பேர் பத்தாது, எட்டாவது ஆள் வரட்டும் என்று இஞ்ஞாசி அண்ணன் சொன்னார். நான் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்ப் பின்பக்கம் தோளைக் கொடுத்தேன். எங்கள் கரையில் வள்ளத்துக்குப் பெண்கள் தோள் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. சவேரி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அவ தோளு குடுக்காம இந்த வள்ளத்துல என்ன இருக்கு? தள்ளுங்கல" என்றார் இவர்.

தள்ளினோம். நான் முழு பலத்தையும் சேர்க்கும் முன்பே அது போய்விட்டது. தோள் காற்றில் நின்றது. நிலைதடுமாறி மணலில் மண்டியிட்டு விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தால் வள்ளம் தண்ணீரில், வாத்து மாதிரி முகத்தைத் தூக்கிக்கொண்டு. போன மாசம் முங்கிக் கிடந்த, வள்ளத்தின் பக்கவாட்டுச் சிவப்புக் கோடு இப்போது தண்ணீருக்கு ஒரு சாண் மேலே.

இஞ்ஞாசி அண்ணன் ஆள், அன்றைக்கு மாசம் கேட்டவன், "பெத்தாச்சு" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான், நானும்தான்.

அண்ணனும் தம்பியும் வடக்குப் பாறைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினார்கள். விளமீன், ஊளி, கொஞ்சம் கணவாய். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் ஏலத்தில் போட்டி. ஆனால் நான் முதலில் போய்ப் பார்த்தது மண்ணெண்ணெய்க் கேனை. குச்சி விட்டு அளந்தேன். மறுபடியும் அளந்தேன்.

பத்தே முக்கால் லிட்டர்.

என் வீட்டுக்காரர் கரையில் நின்றபடியே ஜூலியானுக்குப் போன் போட்டார். நான் கேனை மூடிக்கொண்டே கேட்டேன். "இல்ல அண்ணே, நான் வரல" என்றார். அந்தப் பக்கம் நிறையப் பேசினார்கள். "எதுக்குன்னா, வள்ளம் லேசாயிட்டு. ஆறு ஆள எறக்கிட்டோம்லா, நானும் போயிட்டா கடலுக்கு யாரு போவா?" என்றார். வீட்டுக்கு வந்ததும் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்தார். நான் பெட்டியைப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

சங்கரவேல் அண்ணாச்சிக்கு இரண்டு கிலோ விளமீன் எடுத்து வைத்தேன். பிறகுதான் சைவம் என்பது ஞாபகம் வந்தது. சேமியா பாயசம் வைத்து அனுப்பினேன்.

மாலையில் மாதா மாதத்துக் கடைசி ஜெபமாலை. இன்று மாதா எலிசபெத்தம்மாளைச் சந்திக்கப் போன திருநாள் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். அந்த அம்மாளுக்குப் பிள்ளை உண்டானபோது என்னைவிட வயது எவ்வளவோ கூட என்றும் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார்.

மாதாவே, இந்தப் பக்கத்தை உமக்கு எழுதுகிறேன். நாலு ஸ்குரூவும் எடுத்தாயிற்று, நாலு துளையும் அடைத்தாயிற்று. தெரியாமல் செய்ததைச் சொல்லியாயிற்று. உம்மை இனி எந்த அலையும் அசைக்காது, நான் அளந்து கொடுத்த ரெசின். அவர் எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன்னால் தகட்டுக்குக் கீழே நின்று நான் கேட்டது உமக்கு ஞாபகம் இருக்கும். இருவரும்தான் கேட்டோம் என்பது எனக்கே இந்த மாசம்தான் தெரியும்.

செப்டம்பரில் எனக்கு முப்பத்தொன்பது. தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லும்.